ஸ்டாக் டிரேஸில் காணாமல் போன ஃபங்ஷன்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் எங்கள் கணினி ஒன்று ஓடுகிறது. எக்ஸ்86 செயலி, லினக்ஸ், வெளியே வாங்கிய கேமரா கார்டு, அதோடு வந்த டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்). என்றாவது ஒருநாள் கேமராவை மூடும் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். கில் கட்டளைக்கும் அசையாது. இயந்திரத்தின் மற்ற வேலைகளெல்லாம் ஒழுங்காக நடக்கும்.

120 விநாடிக்கு மேல் ஒரு டாஸ்க் முடங்கிக் கிடந்தால் லினக்ஸின் மையமான கர்னலே லாகில் புலம்பும். அந்த ஒரு டாஸ்க்கின் ஸ்டாக் டிரேஸ், அதாவது எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அது அங்கே வந்து நின்றது என்ற பட்டியல், எனக்குப் போதவில்லை. கர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ வழியாக ‘டபிள்யூ’ எழுத்தை அனுப்பினேன். முடங்கிய டாஸ்க் அத்தனையும் தத்தம் டிரேஸோடு வந்து விழுந்தன. இரண்டுதான்: எங்கள் புரோகிராம், ஒரு கேவொர்க்கர் (‘வொர்க்’ எனப்படும் பின்னணி வேலைகளைச் செய்யும் கர்னல் த்ரெட்).

பாதி வரிகளின் முன்னால் கேள்விக்குறி. ஸ்டாக்கில் கர்னல் கோடு முகவரி போலத் தெரியும் எதையும் எக்ஸ்86 அச்சிட்டுவிடும். ஸ்டாக்கை அவிழ்த்து அழைப்புகளை வரிசைப்படுத்தும் அன்வைண்டர் உறுதி செய்யாதவற்றுக்குத்தான் அந்தக் குறி. பெரும்பாலும் முன்பு எப்போதோ ஓடி முடிந்த அழைப்புகளின் மிச்சம். முதல் வாசிப்பில் அவற்றைத் தொடவே வேண்டாம்.

மிஞ்சியவற்றை, முகவரிகளை சோர்ஸ் வரிகளாக மாற்றும் டிகோட்ஸ்டாக்டிரேஸ் ஸ்கிரிப்டில் கொடுத்தேன்; அது கர்னல் சோர்ஸோடு வருவது. இதற்கு அதே பில்டின் விஎம்லினக்ஸ் கோப்பு (சுருக்கப்படாத கர்னல்) டீபக் தகவலோடு வேண்டும், டிரைவர் மாட்யூலும் அப்படியே. அதைத் தேடி எடுக்கத்தான் அதிக நேரம் போனது. பில்டுக்குப் பில்டு அதை எடுத்து வைக்காத இடத்தில் வேலை செய்வது பெரும் பாடு.

கேவொர்க்கர் டிரேஸ் தெளிவாக இருந்தது. டிரைவரின் வொர்க் ஃபங்ஷன் ஒரு மியூடெக்ஸுக்காக (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) காத்திருக்கிறது. புரோகிராமின் டிரேஸில்தான் சிக்கல். கேமராவை மூடும்போது ஓடும் டிரைவரின் ரிலீஸ் ஃபங்ஷனுக்கு நேர் மேலே, அது நேரடியாக அழைத்ததுபோல, ஒரு வொர்க் முடியக் காத்திருக்கும் கர்னல் ஃபங்ஷன். ஆனால் ரிலீஸின் சோர்ஸில் அப்படி எந்த அழைப்பும் இல்லை. ஃபங்ஷன் பாயிண்டர் (எந்த ஃபங்ஷன் என்பதை ஓடும்போது சொல்லும் முகவரி) வழியாக ஏதோ ஒரு ‘ஸ்டாப்’பை அழைக்கிறது, அவ்வளவுதான். கார்டு வகைக்கு ஒன்றாக அப்படிப் பல இருந்தன.

பக்கத்து இருக்கை அண்ணன் எட்டிப் பார்த்தார். “தம்பி, ஸ்டாக்கில் இருப்பது எங்கே திரும்பிப் போகணும் என்பதுதான். யார் கூப்பிட்டார் என்பது இல்லை.” அதுதான் விஷயம். ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலையே இன்னொன்றை அழைப்பது என்றால், கம்பைலர் ‘கால்’ போடாமல் ‘ஜம்ப்’ போட்டுவிடும். திரும்பி வர வேண்டிய தேவையே இல்லாததால் அந்த ஃபங்ஷனின் முகவரி ஸ்டாக்கில் இருக்காது. எவ்வளவு நல்ல அன்வைண்டராலும் இல்லாததைக் காட்ட முடியாது.

எங்கள் கர்னலில் இருந்த அன்வைண்டர் ஓஆர்சி. லினக்ஸ் 4.14-இல், 2017-இல் வந்தது. பில்டு நேரத்தில் ஆப்ஜ்டூல் என்ற கருவி தயாரிக்கும் அட்டவணையை வைத்து ஸ்டாக்கை அவிழ்க்கும். சுமார் 2 முதல் 4 எம்பி நினைவகம் கூடுதலாகத் தின்றாலும் ஓடும் வேகத்தைக் கெடுக்காது. பழைய ஃபிரேம் பாயிண்டர் முறை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் கர்னலின் பில்டு விதிகள் அடங்கிய மேக்ஃபைல் இந்த ஜம்ப் வித்தையையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அதுதான். கர்னலையும் டிரைவரையும் அப்படி பில்டு செய்து மறுபடி உறைய விட்டபோது, நடுவில் ஸ்டாப் ஃபங்ஷனின் பெயர் வந்து நின்றது. கூடவே ‘கேன்சல் வொர்க் சிங்க்’, அதாவது வொர்க்கை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு.

பிறகு எளிது. ரிலீஸ் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, வொர்க் முடியட்டும் என்று காத்திருக்கிறது. வொர்க்கோ அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருக்கிறது. வொர்க் கிளம்பும் அதே நொடியில் மூடினால்தான் மாட்டும், அதனால்தான் இத்தனை அபூர்வம்.

பூட்டுகள் எந்த வரிசையில் பிடிக்கப்படுகின்றன என்று கண்காணிக்கும் லாக்டெப்பை இயக்கிய கர்னலில் அதே டிரைவரை ஏற்றினேன். கேமரா ஒருமுறை ஓடி மூடியதுமே எச்சரிக்கை வந்தது, எதுவும் உறையாமலே. இரண்டு டிரேஸையும் அந்த எச்சரிக்கையையும் டிரைவர் தந்தவர்களுக்கு அனுப்பினேன். வொர்க்கை ரத்து செய்யும் அழைப்பை மியூடெக்ஸ் பிடிப்பதற்கு முன்னால் நகர்த்தி அடுத்த பில்டு வந்தது.