டெலிவரி வேன் டிரைவருக்கு அரை மணி நேரச் சாப்பாடு: கடலூரில் நாங்கள் வாங்கிய விதம்

டாடா ஏஸில் பார்சல் ஏற்றி வீடு வீடாகக் கொடுக்கிற டிரைவர்களுக்காக இதை எழுதுகிறேன். டூவீலரில் பாக்கெட் கணக்குக்கு ஓடுகிற தம்பிகளின் விவகாரம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஹப் கடலூர் சிப்காட் பக்கம். வண்டியும் சம்பளமும் ஒரு ஏஜென்சியுடையது. காலை ஏழரைக்கு கேட்டில் கையெழுத்து. பார்சலைப் பிரித்து, ஸ்கேன் போட்டு, ரூட் வரிசையில் ஏற்றி வெளியே வருவதற்குள் பத்து மணி ஆகிவிடும். சாப்பாட்டு நேரம் என்று எழுத்தில் எதுவும் கிடையாது. "எப்ப வேணா சாப்பிட்டுக்கங்க, யார் வேணாம்னது?" என்பார் ஹப் இன்சார்ஜ். ஆனால் வண்டி கொஞ்ச நேரம் ஓர் இடத்தில் நின்றால் அவருடைய திரையில் தெரிந்துவிடும், உடனே போன் வரும். ரெட்டிச்சாவடி தாண்டிப் பாகூர் பக்கம் போகிறவர் பாடு இன்னும் மோசம். முள்ளோடையில் சாப்பிட நிறுத்தினால், "என்னா, கடைக்குப் போயிட்டியா?" என்று கேட்பார்கள். முள்ளோடை புதுச்சேரி எல்லை, அவர்கள் சொல்வது அங்கிருக்கும் மதுக்கடையை. கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடலூர் ரூட்காரர் ஒருவர்தான் கொடுத்துவைத்தவர். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். போன் அவருக்கும் வரும், எடுக்க மாட்டார்.

போனைவிடப் பெரிய தொல்லை சரக்கு. வண்டி நிறைய பார்சல், தோள் பையில் கேஷ் ஆன் டெலிவரி பணம். ஒன்று குறைந்தாலும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வண்டியை விட்டு எப்படி இறங்குவது? டிரைவர் சீட்டிலேயே டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு கண்ணைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு விழுங்குவோம். அதற்குப் பேர் இடைவேளையா?

எங்களுக்கு வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். மாமா என்று கூப்பிடுவோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 அவருக்கு மனப்பாடம். "பஸ்ஸுக்கு மட்டும்னு நெனச்சியா? வாடகைக்குச் சரக்கு ஏத்துறவனுக்கும் அதாம்பா. அஞ்சு ஆள் வேலை செஞ்சா போதும்" என்றார். அதன் 15-ஆம் பிரிவுப்படி, குறைந்தது அரை மணி நேர ஓய்வு கொடுக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. அன்றைக்கு மொத்த வேலையே ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டால் இது பொருந்தாது. எங்களுக்கு எந்த நாளும் அப்படி முடிந்ததில்லை.

மனுவை முதலில் ஏஜென்சியிடம்தான் கொடுத்தோம். எல்லா டிரைவரும் கையெழுத்துப் போட்டு, நகலில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினோம். பதில் வரவில்லை. பார்சல் கம்பெனி ஆளைக் கேட்டால், "நீங்க ஏஜென்சி ஆளு, எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்றார். சட்டத்தில் தொழிலாளி என்றால் யார் என்று சொல்லும் இடத்திலேயே, நேரடியாகவோ ஏஜென்சி மூலமாகவோ வேலைக்கு வைக்கப்பட்டவர் என்று இருக்கிறது. அந்த வரியை அடிக்கோடிட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்தோம். மனு தொழிலாளர் துறைக்குப் போனது. அங்கிருந்து அழைப்பு வந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது மூன்று காகிதம்: கேட் ரிஜிஸ்தரின் போட்டோ, ஆப்பில் ஒவ்வொரு டெலிவரியும் எத்தனை மணிக்கு முடிந்தது என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட், மாலையில் பணம் கட்டிய சீட்டு. வாயால் சொன்ன குறையை அதிகாரி தலையாட்டிக் கேட்டார். அந்த மூன்றையும் காட்டியதும் பேனாவை எடுத்தார்.

பேச்சுவார்த்தையில் அரை மணி நேரம் கொடுப்பதில் ஏஜென்சி முதலாளிக்குப் பெரிய மறுப்பில்லை. எப்போது கொடுப்பது என்பதில்தான் சண்டை. முதல் டெலிவரி பத்து மணிக்கு, ஆகவே மூன்று மணிக்குச் சாப்பிடலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் கணக்கு ஏழரைக்குத் தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் பன்னிரண்டரை தாண்டக் கூடாது. இதற்கும் சட்டத்திலேயே விடை இருந்தது. சரக்கு ஏற்றி இறக்குவது, பணம் ஒப்படைப்பது, ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவது எல்லாம் வண்டி ஓட்டுவதைச் சேர்ந்த துணை வேலைகள், அவையும் வேலை நேரத்தில் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. அதிகாரி அதை வாசித்துக் காட்டியதும் மூன்று மணிப் பேச்சு அடங்கியது. வேலை நேர அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று அடுத்து கேட்டார். எங்கேயும் ஒட்டவில்லை. அதுவும் சட்டப்படி கட்டாயம் என்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சரக்குக்கு யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தில் பதில் தேடிப் பயனில்லை. அதை நாங்களே பேசித்தான் முடித்தோம். பக்கத்துப் பக்கத்து ரூட் வண்டிகள் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் பார்த்துக்கொள்வார். மஞ்சக்குப்பம் ரூட்டும் புதுப்பாளையம் ரூட்டும் இப்படி ஜோடி. பின் கதவுக்கு ஏஜென்சி செலவில் நல்ல பூட்டு. ஆப்பில் இடைவேளை என்று போட்டுவிட்டால் அந்த அரை மணி நேரம் போன் வராது. நான் மட்டும் பேசியிருந்தால் பூட்டோடு முடிந்திருக்கும். ஜோடி யோசனை வடலூர்க்காரருடையது.

எல்லாருக்கும் இதில் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அந்த அரை மணி வேலை நேரத்தில் சேராது, ஆகவே வீட்டுக்குப் போவது அவ்வளவு தள்ளிப்போகிறது. "சோத்தை அள்ளிப் போட்டுக்கினு சீக்கிரம் வீட்டுக்குப் போனா போதும்டா" என்று மூத்த டிரைவர் ஒருவர் இன்னும் முனகுகிறார். அவருக்கு சுகர். அவர்தான் முதலில் நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர், அது வேறு விஷயம். தீபாவளி நெரிசலில் இடைவேளை இரண்டு மணிக்கு நகர்ந்துவிடுகிறது. அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதே வழியில் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் மனு கொடுத்தபோது 1961 சட்டம் நடப்பில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டம் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புக்குள் போய்விட்டது. எங்கள் மனுவில் உள்ள பிரிவு எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள். கேட்டுக்குள் நுழைந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், பணம் கட்டிய நேரம் மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு போய், இப்போது எந்தப் பிரிவு, எந்த விதி என்று தொழிலாளர் துறை அலுவலகத்திலேயே கேட்டு எழுதுங்கள்.

டூவீலர் தம்பிகள் ஏஜென்சியின் சம்பளக் கணக்கில் இல்லை. எங்கள் மனுவில் அவர்களைச் சேர்க்க முயன்றோம், முடியவில்லை. இணையவழி வேலை செய்கிறவர்களுக்கென்று தமிழக அரசு 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்தது. அதில் பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கொடு என்று அதைக் காட்டி ஹப்பில் கேட்க முடியாது.