ஆங்கில வினைக் காலங்கள்: பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

இறந்தகாலத்தில் தொடங்குவதே நல்லது. நேற்று என்ன நடந்தது என்று தெரியும். யோசிக்க வேண்டியது வினையை மட்டும்தான். நோட்டில் ஆறு வாக்கியம் போதும்: ஐ வென்ட் டு த மார்க்கெட், ஐ பாட் மில்க், இப்படி. பிறகு ஒவ்வொன்றையும் மறுப்பாகவும் கேள்வியாகவும் மாற்றி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 'ஐ டிடன்ட் வென்ட்', 'டிட் யூ பாட்?' என்று வந்துவிடும். 'டிட்' வந்தால் இறந்தகாலத்தை அதுவே ஏற்றுக்கொள்கிறது. அடுத்த வினை மூல வடிவத்துக்குத் திரும்ப வேண்டும்: டிடன்ட் கோ, டிட் யூ பை? விதியை ஒப்பிப்பவர்களும் பேச்சில் தடுமாறுவார்கள். ஆகவே எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். தினமும் பத்து வினை, ஒவ்வொன்றுக்கும் மூன்று வடிவம், பத்தே நிமிடம்.

'யார்' என்பதே எழுவாயானால் 'டிட்' வேண்டாம்: ஹூ கேம்?

ஜூன் 3, செவ்வாய்

இன்று இறந்தகால வினைகளின் முடிவில் வரும் 'எட்' எழுத்துகளின் உச்சரிப்பு மட்டும். 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' என்று இழுக்கக் கூடாது, வாக்ட், ஹெல்ப்ட். மூல வினை வான்ட், நீட் போல 'ட்' ஒலியில் முடிந்தால்தான் கூடுதல் அசை வரும்: வான்டட், நீடட்.

ஜூன் 5, வியாழன்

நிகழ்காலம்தான் நமக்குக் கடினம். 'வேலை செய்கிறேன்' என்று தமிழில் சொன்னால் அது அன்றாட வழக்கமாகவும் இருக்கலாம், இந்த நிமிடத்து வேலையாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும்: வழக்கம் என்றால் ஐ வொர்க், இப்போது என்றால் ஐ யாம் வொர்க்கிங். சந்தேகம் வந்தால் தமிழ் வாக்கியத்தில் 'கொண்டிருக்கிறேன்' சேர்த்துப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் 'இங்' வரும். தெரியும், பிடிக்கும், வேண்டும் ஆகியவற்றில் அது ஒட்டாது. அதே காரணத்தால்தான் 'ஐ யாம் நோயிங்', 'ஐ யாம் வான்டிங்' இரண்டும் தவறு. 'ஹேவ்' போன்ற சில வினைகள் இரு பக்கமும் நிற்கும்: எனக்கு இரண்டு அண்ணன்கள் என்றால் ஐ ஹேவ் டூ பிரதர்ஸ், மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஐ யாம் ஹேவிங் லன்ச்.

ஷி வொர்க்ஸ் என்பதில் உள்ள 'ஸ்', கேள்வியில் 'டஸ்' வந்ததும் போய்விடும்: டஸ் ஷி வொர்க்? திங்களன்று பார்த்த 'டிட்' கணக்கேதான்.

ஜூன் 7, சனி

எதிர்காலத்துக்கென்று ஆங்கில வினையில் தனி விகுதி கிடையாது. அதனால் எல்லாவற்றுக்கும் 'வில்' போட்டுவிடுகிறோம். அழைப்பு மணி அடித்த நொடியில் எடுக்கும் முடிவுக்கு ஐ வில் ஓப்பன் இட் சரி. முன்பே தீர்மானித்ததற்கு ஐ யாம் கோயிங் டு பை எ சைக்கிள். டிக்கெட் எடுத்தாயிற்று என்றால் ஐ யாம் லீவிங் ஆன் சண்டே. நாம் 'ஞாயிறு கிளம்புகிறேன்' என்பதும் இப்படித்தானே!

'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்' என்ற பிழை விடாப்பிடியானது. சரியானது: வென் ஹி கம்ஸ். தமிழிலும் 'அவர் வந்ததும் சொல்வேன்' என்றே சொல்கிறோம், 'வருவார்' என்பதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

கலப்புப் பயிற்சி. யெஸ்டர்டே, எவ்ரி டே, நவ், டுமாரோ என்று சீட்டெழுதிக் குலுக்குங்கள். வந்த சீட்டுக்கேற்ப ஒரே வினையை மாற்றிச் சொல்லுங்கள். 'யெஸ்டர்டே' சீட்டு வந்தால் 'ஐ ஹேவ் சீன் ஹிம்' என்று சொல்லக் கூடாது. முடிந்துபோன நாளைக் குறிப்பிட்டாலே ஐ சா ஹிம் யெஸ்டர்டேதான். நாளைச் சொல்லாமல் 'பார்த்திருக்கிறேன்' என்பதற்கு மட்டும் 'ஹேவ் சீன்'.