ரயில் 1, ரயில் 2, கோர்ட் தாயி

கரூரிலிருந்து மும்பைக்கு மாற்றல் வந்தபோது எனக்கு வயது 43. பதவி உயர்வு என்றால் கூடவே வெளிமாநிலமும் வரும் என்பது வங்கியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக்கொடுத்தவள், 2019 ஜூனில் சரி என்றுவிட்டேன். வீட்டுக்காரருக்கு ஜவுளித் தொழில். ஏற்றுமதிக்காரர்களுக்குப் பெட்ஷீட், மேஜை விரிப்பு தைத்துக்கொடுக்கிற சின்ன யூனிட். அதை விட்டு அவரால் நகர முடியாது. மகன் பத்தாவது. பத்தாவது படிக்கிற பையனுக்குப் போய்ப் பள்ளிக்கூடம் மாற்றுவதா என்று குடும்பமே கூடிப் பேசி, என்னை மட்டும் ரயிலேற்றி விட்டார்கள். (அந்த வருடம்தான் கொரோனா வந்து, பரீட்சையே இல்லாமல் தமிழ்நாடு முழுக்க ஆல் பாஸ் போட்டார்கள். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.)

கிளை ஃபோர்ட் பகுதியில். அந்தப் பக்கம் வீடு பார்க்கிற சம்பளம் எனக்கு இல்லை. டோம்பிவிலி கிழக்கில் ஒரு ஒன் ஆர்.கே., அதாவது ஒரே அறை, ஒரு சமையலறை. எதிர் வீட்டுக் கதவில் மாவிலைத் தோரணம், பக்கத்து வீட்டுக் கதவில் பிள்ளையார். இரண்டு கதவும் எப்போதும் சாத்தியே இருக்கும். முதல் மூன்று வாரம் வேலை விஷயம் தவிர வாய் திறந்து பேசியது பால்காரரிடமும் அம்மாவிடமும்தான். அம்மாவிடம் ஃபோனில்.

சிநேகம் என்றால் நம்மூர்க்காரர்களிடம்தானே கிடைக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா போக ஆரம்பித்தேன். மல்லிகைச் சரம், வாழையிலை, ஃபில்டர் காபி, கோயில் வாசலில் தமிழ்ப் பேச்சு. மாட்டுங்காவில் குறை சொல்ல எதுவுமில்லை. கோயிலில் ஒரு மாமி பழக்கமானார். எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டுக்காரர் ஏன் கூட வரவில்லை என்று எல்லாம் கேட்டார். எண் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு ஒரு ‘இனிய காலை வணக்கம்’ வரும். இன்றைக்கும் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் மேலும் தப்பு இருக்கலாம். நானும் ரோஜாப்பூவைத்தான் திருப்பி அனுப்பினேன்.

எனக்குச் சிநேகிதிகள் கிடைத்தது சண்டையில்.

டோம்பிவிலியிலேயே புறப்படுகிற ஃபாஸ்ட் லோக்கல் ஒன்று உண்டு. மும்பையிலிருந்து வந்து அப்படியே திரும்புகிற வண்டி. அது நிற்பதற்குள்ளேயே பெண்கள் பெட்டியில் எல்லோரும் தாவி ஏறி இடம் பிடித்துவிடுவார்கள். இரண்டாம் நாள் எப்படியோ எனக்கும் ஒரு ஜன்னலோரம் வாய்த்தது. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஒரு கை என் தோளைத் தட்டியது. “எழுந்திரு, இது பட்டாணியோட இடம்” என்பது மாதிரி ஏதோ மராட்டியில். பட்டாணி என்பது ஓர் ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சின்ன வயதில் பிராத்மிக், மத்யமா எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணியவள். அந்த இந்தியில் “மேஜை மீது புத்தகம் இருக்கிறது” என்று சொல்ல வரும், சண்டை போட வராது. தமிழிலேயே கத்தினேன். “பேர் எழுதி வச்சிருக்கா?” பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. தோளைத் தட்டியவர் சிரித்துவிட்டார். ஆனாலும் எழுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு தனிச் சட்டம் நடக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருத்தி நுனியில் ஒட்டிக்கொள்வாள். அது அவள் உரிமை, மறுக்கக் கூடாது. “ஜரா சர்கா” என்றால் எல்லோரும் அரை விரற்கடை நகர வேண்டும். நிற்பவள் ஏறியதும் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து “குட்டே உதர்ணார்?” என்று கேட்பாள், எங்கே இறங்குவாய் என்று. பதில் வந்ததும் அந்த இடம் அவளுக்கு எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு பக்கத்தில் நிற்பவள் கர்ப்பிணியாக இருந்தால் ஒழிய மாறாது. காட்கோபரில் இறங்குகிறவள் கிடைத்தால் யோகம். 2014-ல் மெட்ரோ வந்த பிறகு அந்தேரிப் பக்கம் போகிற கூட்டம் மொத்தமும் அங்கேதான் கொட்டுகிறது. 1992-லேயே சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் நடுவே பெண்களுக்கென்று தனி ரயில் விட்ட ஊர் இது. சட்டதிட்டம் இவ்வளவு முற்றியிருப்பதில் ஆச்சரியமில்லை.

ஜூலையில், நல்ல மழை நாளில், அடுத்த கூத்து. உள்ளே புழுக்கம் தாங்காமல் காற்றுக்காக வாசலோரம் போய் நின்றேன். கைப்பை மேலே கம்பித் தட்டில். தாணே வந்தது. இறங்குகிற கூட்டம் என்னையும் சேர்த்துப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டது. இறக்கிவிட்டது என்பது மரியாதையான சொல்; கால் தரையில் பட்டதா என்றே நினைவில்லை. திரும்புவதற்குள் ஏறுகிற கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டது. வண்டி போய்விட்டது. பை, அதற்குள் ஃபோன், கண்ணாடி, சாப்பாட்டு டப்பா எல்லாம் அதோடு போயிற்று. பாஸ் மட்டும் கழுத்துப் பட்டையில் தொங்கியது.

அடுத்த வண்டியில் ஏறி, அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் சி.எஸ்.எம்.டி. (ஃபோர்ட் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன், சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) போய்ச் சேர்ந்தேன். முந்தைய வண்டி வந்து அரை மணி ஆகியிருக்கும். பிளாட்பாரத்தின் முனையில், தலையிலிருந்து சொட்டச் சொட்ட, என் பையை மார்போடு கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். அன்றைக்கு என்னைத் தோளில் தட்டி எழுப்பிய அதே அம்மா. நகரத்துக் கோர்ட் ஒன்றில் குமாஸ்தா என்று பிற்பாடு தெரிந்தது. எனக்காக நின்றதில் அன்று வருகைப் பதிவேட்டில் தாமதக் குறி விழுந்தது என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது, அதுவும் வேறொருத்தி சொல்லி. பையைக் கொடுத்துவிட்டு, “நாளையிலேர்ந்து வாசல்ல நிக்காதே” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

இதற்கிடையில் என் ஃபோன் அடித்திருக்கிறது. எடுத்துப் பேசியது அவர்தான். கரூரில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கேட்டதெல்லாம் “டிரெயின்… டிரெயின்… தாணே… பேக்…” என்று ஒரு பெண்ணின் கத்தல். மனிதர் தறிக்காரருக்குக் கொடுக்க எண்ணிக்கொண்டிருந்த பணத்தை அப்படியே போட்டுவிட்டு, ஈரோட்டுக்கு ஓடினால் மும்பைக்கு உடனே வண்டி உண்டா என்று விசாரித்திருக்கிறார். இதை வைத்து இன்றைக்கும் பெட்டியில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

மறுநாள் எனக்கு நாலாவது இடம் கிடைத்தது. யாரும் கூப்பிட்டு உட்காரச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றதும் மூன்று பேரும் சர்கினார்கள், அவ்வளவுதான்.

ஒருவருக்கொருவர் பேர் தெரிந்துகொள்ள நாலு மாதம் ஆனது. அதுவரை என் ஃபோனில் அவர்கள் ரயில் 1, ரயில் 2, கோர்ட் தாயி. மராட்டியில் அக்காவுக்குத் தாயி. நம் பக்கத்தில் வாஞ்சையாகக் கூப்பிடுகிற சொல்லே இங்கே அக்கா முறையாகக் கிடைத்ததால் அதில் எனக்குச் சிரமமே இல்லை. ரயில் 1-தான் அந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரி, பட்டாணி அக்கா. குளிர்காலத்தில் சாயங்கால வண்டியில் ஒரு பை பச்சைப் பட்டாணியோடு ஏறுவார். தாதர் தாண்டியதும் மடியில் துண்டை விரித்து உரிக்கத் தொடங்கினால், டோம்பிவிலிக்குள் இரவுச் சமையல் பாதி முடிந்திருக்கும். ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டு வெந்தயக்கீரையை என் மடியில் போட்டார். கரூரில் அம்மாவும் தெருப் பெண்களும் திண்ணையில் முருங்கைக்கீரை உருவுவது நினைவுக்கு வந்தது. கை வேலையாக இருந்தால் இலக்கணம் யாருக்கு வேண்டும்? குர்லா வருவதற்குள் என் மாமியார், அவர் மாமியார் இருவரையும் அரைகுறை இந்தியில் உரித்து வைத்துவிட்டோம். காம்பு நீளமாக விடுகிறேன் என்று திட்டும் வாங்கினேன்.

அந்த வருடம் நவராத்திரி. செப்டம்பர் 30, திங்கட்கிழமை. மெரூன் கலர் சுங்குடிச் சேலையில் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு பெட்டியில் ஏறினால், உள்ளே அத்தனை பேரும் வெள்ளை. வெள்ளைப் புடவை, வெள்ளைச் சுடிதார், வெள்ளை வளையல். எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாரோ போய்விட்டார்கள், துக்கத்துக்குப் போகிறார்கள் என்றே நினைத்தேன். தயங்கித் தயங்கி, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர்களுக்கு நான் கேட்பது விளங்கவே ஒரு ஸ்டேஷன் ஆனது. விளங்கியதும் முலுண்ட் வரை சிரித்தார்கள். நவராத்திரியின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம், பட்டியல் பத்திரிகையில் வரும், திங்கட்கிழமைக்கு வெள்ளை. பண்டிகை நாளில் வெள்ளை கட்டினால் எங்கள் அம்மா வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள் என்றேன். கோர்ட் தாயி தன் வெள்ளைத் துப்பட்டாவை எடுத்து என் மேல் போர்த்திப் படம் எடுத்தார். அன்றைக்குத்தான் வாட்ஸாப் குழுவில் சேர்த்தார்கள்.

அடுத்த திங்கள், தசராவுக்கு முந்தைய நாள், பெட்டிக்கே பூஜை. தசராவன்று விடுமுறை என்பதால் முதல் நாளே செய்துவிடுவார்கள். கம்பியெல்லாம் சாமந்திச் சரம், வாசலில் மாவிலை, ஓரமாகத் தேவி படம். நம்மூரில் பஸ்ஸுக்கும் லேத் பட்டறைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற அதே ஆயுத பூஜை நாள். இது மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2020 மார்ச் 22 இரவோடு லோக்கல் நின்றது. வங்கிக்கு ஏது விடுமுறை? அத்தியாவசியப் பணியாளர்களுக்கு விட்ட பஸ்ஸில் போய்வந்தோம். ஜூலையில் அரசு வங்கிக்காரர்களை ரயிலில் ஏறவிட்டார்கள். பெண்கள் பெட்டியில் ஏழெட்டுப் பேர். எந்த ஜன்னலில் வேண்டுமானாலும் உட்காரலாம், காலை எதிர்ப் பலகையில் நீட்டலாம். பட்டாணி அக்காவின் ஜன்னலில் நான் உட்காரவில்லை. பாசமெல்லாம் இல்லை, மழையில் அந்தப் பக்கம் சாரல் அடிக்கும்.

அக்டோபர் 21-ல் எல்லாப் பெண்களும் ஏறலாம் என்றார்கள்: காலை 11 முதல் 3 வரை, இரவு 7-க்குப் பிறகு. நவராத்திரி நடுவில், புதன்கிழமை, நீலம். என் வேலை ஐந்தரைக்கே முடிந்துவிட்டது. பட்டாணி அக்காவுக்கு ஏழுக்கு மேல்தான் அனுமதி என்பதால் சி.எஸ்.எம்.டி.யில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீலப் புடவையும் முகக்கவசமுமாக வந்தவர், என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “ஏன் இப்படி இளைச்சுட்டே?”

இது எனக்கு நாலாவது நவராத்திரி. மகன் கல்லூரியில் சேர்ந்தாயிற்று. போன மாதம் கரூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். மூன்று வருடம் முடித்தவர்களுக்குக் கிடைத்துவிடும் என்கிறார்கள். ரயிலில் இன்னும் சொல்லவில்லை.

நாளைக்குப் பெட்டியில் பூஜை. நிறம் ரோஸ், என்னிடம் ரோஸ் சேலை இல்லை, எதிர் வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறேன் (ஆமாம், அந்தக் கதவு திறந்துவிட்டது, அது வேறு கதை). பிரசாதம் என் பொறுப்பு, சுண்டல். போன வருடம் கடலை வேகவில்லை என்று தாயி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. மணி ஒன்பதரை. நாற்பது பேருக்கு எத்தனை படி கொண்டைக்கடலை ஊறப்போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும்.