ஒரு வயர் துண்டும் 3,333 ஆண்டுகளும்

காலை ஏழரை மணிக்கு நான் ஆலைக்குள் நுழைந்தபோது, பாய்லர் கூடத்தின் வாசலில் பாதி எரிந்த விறகுக் கட்டைகள் புகைந்துகொண்டு கிடந்தன. இரவு மூன்று மணிவாக்கில், பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் நீர் தெரியவில்லை. அதைப் பார்த்த ஆபரேட்டர் அண்ணா பதற்றத்தில் பம்பைப் போட்டுவிடாமல், விசிறிகளை நிறுத்திவிட்டு நெருப்பை வாரி வெளியே இழுத்திருக்கிறார். உள்ளே நெருப்பு எரிய, சுற்றிலும் நீர் நிற்க வேண்டிய குழாய்தான் உலைக் குழாய்; அது நீரின்றிக் காய்ந்திருக்கும்போது மேலே திடீரென்று நீர் பாய்ந்தால் பாய்லரே வெடிக்கக்கூடும் என்பது முப்பது வருடம் பாய்லர் ஓட்டிய அவருக்குத் தெரியும். சோதித்துப் பார்த்ததில் குழாய் தப்பித்திருந்தது.

ஈரோட்டுப் பக்கம் துணிக்குச் சாயமேற்றும் ஆலை அது. நான் அங்கே பராமரிப்புப் பொறியாளர். எங்களுடையது மணிக்கு 6 டன் நீராவி தரும் விறகுப் பாய்லர். முழுச் சுமையில் ஓடும்போது நிமிடத்துக்கு 100 லிட்டர் நீர் ஆவியாகிவிடும். நீரோடு ஏறி இறங்கும் மிதவைகள்தான் மட்டத்தை உணர்பவை. நீர்மட்டம் குறைந்தால் அலாரம் அடிக்கும், இன்னும் குறைந்தால் டிரிப் ஆகி, அதாவது பாதுகாப்புக்காகத் தானாகவே இணைப்பு துண்டிக்கப்பட்டு, நெருப்புக்குக் காற்றூட்டும் விசிறிகள் நிற்கும். அன்று அலாரம் அடித்தது. அது தினமும் அடிப்பதுதான். டிரிப் மட்டும் ஆகவில்லை. "மிதவை சிக்கிக்கொண்டது" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

முதலாளி அந்த ஒரு வரியில் சமாதானம் அடையவில்லை. "மறுபடி நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? எண்ணாகச் சொல்லுங்கள்" என்றார். கல்லூரியில் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படித்து மறந்த பழுது மரப் பகுப்பாய்வை அப்படித்தான் தூசி தட்டி எடுத்தேன்.

முறை பழையது. 1962இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வாட்சன் என்பவர், அமெரிக்க விமானப் படையின் மினிட்மேன் ஏவுகணைக்கான ஏவல் கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய இதை உருவாக்கினார். பிறகு விமானத் துறைக்கும் அணு உலைகளுக்கும் பரவியது. நடக்கவே கூடாத ஒன்றை உச்சியில் எழுத வேண்டும். அது நடக்க என்னென்ன நடந்தாக வேண்டும் என்று கேட்டபடி கீழே இறங்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால்தான் ஆகும் என்றால் "மற்றும்" கதவு. ஏதாவது ஒன்று போதும் என்றால் "அல்லது" கதவு. மரம் என்று பெயர், வளர்வது தலைகீழாக.

உச்சியில் என்ன எழுதுவது என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. முதலில் "பாய்லர் வெடித்தல்" என்று எழுதினேன். அதன் கீழே பாதுகாப்பு வால்வு, தகடு அரிப்பு, வெல்டிங் விரிசல் என்று எல்லாம் வந்து சேர்ந்து, தாள் போதாமல் போனது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நெருப்பு எரியும்போது நீர்மட்டம் உலைக் குழாயின் உச்சிக்குக் கீழே போதல்" என்று குறுக்கினேன். அதன் பிறகுதான் கை ஓடியது.

இன்னொரு இடத்திலும் சறுக்கினேன். மாதிரிக்காக நான் எடுத்துவைத்திருந்த மரம் எண்ணெய்ப் பாய்லருக்கானது. அதில் டிரிப் ஆனால் பர்னர் அணைந்துவிடும், கதை அத்துடன் முடியும். விறகு அப்படியில்லை. விசிறி நின்றாலும் தட்டில் கிடக்கும் கட்டை கனன்றுகொண்டேதான் இருக்கும். நீராவி வால்வை உடனே மூடினால் மிச்சமுள்ள நீர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மூட வேண்டியவர் அதே ஆபரேட்டர். அந்தக் கிளையைத் தனியாக வரைந்துகொண்டேன். கீழே சொல்லும் கணக்கில் அது இல்லை.

கணக்கு எளிமையானது. மூன்று வருட லாக் புத்தகங்களைப் புரட்டியதில் நீர் வரத்து தடைபட்டது ஒன்பது முறை: பம்ப் நின்றது, தொட்டி காலியானது, வால்வு சிக்கியது. ஆக, வருடத்துக்கு 3. டிரிப் மிதவை பத்து வருடத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்று வைத்துக்கொண்டேன். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் அதைச் சோதித்தால், பழுதானது சராசரியாக அரை வருடம் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். எனவே தேவைப்படும் நேரத்தில் அது கைவிடும் வாய்ப்பு, பத்து வருடத்தில் அரை வருடம், அதாவது 0.05. ஆபரேட்டர் கவனிக்கத் தவறும் வாய்ப்பை 0.1 என்று எடுத்துக்கொண்டேன். மூன்றையும் பெருக்கினால் வருடத்துக்கு 0.015, அதாவது சுமார் 67 வருடத்துக்கு ஒருமுறை. சோதனையை வாரம் ஒருமுறை என்று மாற்றினால் 0.05 என்பது 0.001 ஆகக் குறைகிறது. விடை, 3,333 வருடத்துக்கு ஒருமுறை!

அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டேன். முதலாளிக்கு மகிழ்ச்சி, எனக்குக் கொஞ்சம் கர்வம்.

வாராந்திரச் சோதனையை எப்படிச் செய்வது என்று விளக்குவதற்காக வரைபடத்தோடு பாய்லர் கூடத்துக்குப் போனேன். அண்ணா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். டிரிப் என்று எழுதிய கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"அம்மணி, இதில் அந்த வயர் எங்கே இருக்கிறது?"

"எந்த வயர் அண்ணா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. விறகு தள்ளும் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டுத்தான் பேசினார். சாய இயந்திரங்கள் நாலைந்தை ஒரே நேரத்தில் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். பாய்லருக்குள் குமிழிகள் பொங்கி மட்டம் ஏறும், பிறகு தடாலென்று இறங்கும். உள்ளே நீர் இருக்கும். மிதவை மட்டும் ஏமாந்துபோய் டிரிப் அடிக்கும். விசிறி நிற்கும், நீராவி குறையும், பாதிச் சாயத்தில் துணி கெடும், சாயக்கூடத்திலிருந்து வசவு வரும். அதனால் நெருக்கடியான இரவுகளில் பேனலைத் திறந்து, டிரிப்பின் இரண்டு முனைகளையும் ஒரு வயர் துண்டால் இணைத்துவிடுவார்கள். அன்றைக்கும் வயர் இருந்தது. நான் வருவதற்கு முன் அவரே கழற்றிவிட்டார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பதிவேட்டில் இருந்த என் கையெழுத்து நினைவுக்கு வந்ததும் அது அடங்கிவிட்டது.

"மாதத்தில் எத்தனை நாள் அண்ணா வயர் இருக்கும்?"

"மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்."

மூன்று நாள் என்றால் 0.1. மிதவையின் 0.001 அதற்குப் பக்கத்தில் ஒரு பொருட்டே இல்லை. அன்று மாலை மறுபடி பெருக்கினேன்: 0.03. முப்பத்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை. எந்தச் சோதனையும் கூட்டாமல் முதலில் போட்ட கணக்கைவிட இது மோசம்.

அதுவும் சரியான விடை இல்லை என்பது இரவு படுத்த பிறகு உறைத்தது. பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நிகழ்வுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இங்கே வயர் போடுவதே நீராவித் தேவை உச்சத்தில் இருக்கும்போது. அந்த நேரத்தில்தான் ஆபரேட்டர் விறகுக்கும் பேனலுக்கும் ஓடிக்கொண்டிருப்பார். கேஜ் கிளாஸைப் பார்க்க அவருக்கு நேரம் ஏது? கவனிக்கத் தவறும் வாய்ப்பை 0.1 என்று போட்டது என் ஆசை. 0.5 என்று போட்டேன். விடை 0.15, ஏழு வருடத்துக்கு ஒருமுறை.

1979 மார்ச்சில் அமெரிக்காவின் மூன்று மைல் தீவு அணு உலையில் நடந்ததும் இதற்குத் தூரத்து உறவுதான். துணை நீரூட்டுப் பம்புகள் ஒன்றுக்கு மேல் இருந்தன, எல்லாம் சரியாகவே ஓடின. அவற்றின் வழியிலிருந்த வால்வுகள் பராமரிப்புக்குப் பின் மூடியபடியே விடப்பட்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க எட்டு நிமிடம் ஆயிற்று. பம்புகளுக்கிடையே எத்தனை "மற்றும்" கதவு போட்டிருந்தாலும் பயனில்லை.

இந்தக் கண்ணோடு மறுபடி பாய்லரைச் சுற்றி வந்தபோது இன்னொன்றும் அகப்பட்டது. பம்பை ஓட்டும் மிதவையும் டிரிப் மிதவையும் ஒரே நிலைக்குழாயில், அதாவது பாய்லரோடு இணைந்து அதே மட்டத்தில் நீர் நிற்கும் செங்குத்துக் குழாயில், தொங்கின. (மோப்ரே ஒரு கம்பெனியின் பெயர்; எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி மிதவையானாலும் அதைத்தான் சொல்வார்கள்.) அந்தக் குழாயின் கீழ்வாயைச் சேறு அடைத்தால் பம்பும் ஓடாது, டிரிப்பும் ஆகாது. என் மரத்தில் அவை இரண்டும் இரண்டு மூலைகளில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன.

இரண்டாவது அறிக்கையை நீட்டியபோது முதலாளி, "போன வாரம் மூவாயிரம் என்றீர்களே?" என்றார். வயரைப் பற்றிச் சொன்னேன். யார் போட்டது என்று கேட்டார், சொல்லவில்லை. ஏன் போட வேண்டியிருந்தது என்பதைச் சொன்னேன். அந்த உரையாடல் இனிமையாக இல்லை.

செய்த வேலைகள் அதிகமில்லை. சாய இயந்திரங்களை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுத் திறக்கச் சொன்னோம். நீரின் உப்புச் செறிவைக் கட்டுக்குள் வைத்ததில் நுரைப்பது குறைந்தது. மட்டத்தின் கண நேர ஆட்டத்துக்கு ஏமாறாதபடி டிரிப்பில் சில வினாடி தாமதம் வைத்தோம். பேனலுக்குப் பூட்டு வந்தது, சாவி என்னிடம். டிரிப் மிதவைக்குத் தனி நிலைக்குழாய் அடுத்த நிறுத்தத்தில் போட்டோம். சோதனை இப்போது ஷிப்டுக்கு ஒருமுறை.

திருத்திய மரத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பாய்லர் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, "ஆபரேட்டர் கவனிக்கவில்லை" என்று நான் வட்டம் போட்டு நிறுத்தியிருந்த இடத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு இழுத்து, புதிதாக ஒரு கட்டம் வரையப்பட்டிருந்தது. "அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை. பதினாறு மணி நேரம்." அண்ணாவின் கையெழுத்து. வருகைப் பதிவேட்டைக் கேட்டு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்துக்கு இன்னும் எண் போடவில்லை.