கிரீஸ் தீவுகள்: ஹோட்டலுக்கு முன்னால் கப்பலைப் பாருங்கள்

கிரீஸ் போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹோட்டல் தேடுவதற்கு முன்னால் கப்பல் அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். கிளம்பும் முன் ஒரு டிராவல் ஏஜென்ட் எங்களுக்குப் போட்டுக் கொடுத்த திட்டத்தில் கோர்ஃபு, மைக்கோனோஸ், சாண்டோரினி, ரோட்ஸ் நான்கும் ஒரே வாரத்துக்குள் இருந்தன. கோர்ஃபு மேற்கே, இத்தாலி பக்கத்துக் கடலில் இருக்கிறது. ரோட்ஸ் துருக்கிக் கரையை ஒட்டி. கோர்ஃபுவிலிருந்து சாண்டோரினிக்கு நேராகக் கப்பலே கிடையாது. லட்சக்கணக்கில் பணத்தை வாங்கிக்கொண்டு நம்மை விமான நிலையங்களில் உட்கார வைக்கிற திட்டம் அது. அந்தத் தாளை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கிரீஸில் தீவும் திட்டுமாக ஏறத்தாழ 6,000 உண்டு. மக்கள் வசிப்பவை 227. கூட்டம் கூட்டமாகக் கிடக்கும் இவற்றில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் கப்பல் தடங்கள். ஒரு தடத்தைப் பிடியுங்கள், அதில் இரண்டு தீவு போதும். நானும் அக்காவும் எடுத்தது ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பாரோஸ், நாக்சோஸ் வழியாக சாண்டோரினி போகும் தடம்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன். முதலில் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, மறுத்துவிட்டால் அந்தப் பணம் போனதுதான். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். அடுத்து, எந்த மாதம்? ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயில், கூட்டம், விலை மூன்றும் உச்சத்தில் இருக்கும். நாங்கள் போனது செப்டம்பர். கோடை முழுக்க வெயிலில் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ நேராகப் போகிறது. டிக்கெட் 9 யூரோ. துறைமுகம் பிரம்மாண்டமானது. எந்த வாசலில் கப்பல் என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட முடியாது. நாக்சோஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்தரை மணி நேரம், ஏறக்குறைய 50 யூரோ. வேகப் படகில் இரண்டு மணி நேரம் மிச்சமாகும், ஆனால் விலை 80 யூரோவைத் தாண்டும், அதோடு உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். பெரிய கப்பலையே எடுங்கள். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகிற அந்த மணி நேரங்களுக்குத் தனியாகவே 50 யூரோ கொடுக்கலாம்!

நாக்சோஸ் வந்ததும் கண்ணில் படுவது போர்த்தாரா. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அப்போலோ கோயிலுக்காகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கட்டடம். பளிங்கு வாசல் மட்டும் கடலைப் பார்த்து நிற்கிறது. காசில்லாமல் எந்த நேரமும் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் சாப்பாடு. அக்கா சுத்த சைவம், இங்கிருந்து மூட்டை கட்டிய புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறக்கவே இல்லை. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருடத்தில் பல வாரங்கள் இறைச்சி, பால், முட்டை தொடாமல் நோன்பு இருப்பதால் காய்கறி, பருப்புச் சமையலில் அவர்கள் கில்லாடிகள். நகரத்துக்குள் ஒரு சந்தில் நான்கைந்து மேசை போட்ட கடை. யிகாண்டெஸ் என்கிற பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி அடுப்பில் சுட்டு மண் சட்டியோடு கொண்டுவந்தார்கள். தொட்டால் கரைகிற பதம். நாக்சோஸ் உருளைக்கிழங்கு அந்த நாடு முழுக்கப் பேர்போனது. அதை அங்கேயே வறுத்து, மேலே உள்ளூர் கிராவியேரா சீஸைத் துருவிப் போட்டார்கள். அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, குடமிளகாய், ஒரு கிண்ணம் கீரை. அக்கா ரொட்டியால் சட்டியையே துடைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து 30 யூரோவுக்குள் முடிந்தது. கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் காசு உண்டு, வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ரயில்வே கால அட்டவணை மாதிரி கப்பல் நேரத்தை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பது அடுத்த காலை தெரிந்தது. ஏஜியன் கடலில் கோடையில் மெல்டெமி என்றொரு வடகாற்று அடிக்கும். அது ஒரு வேகத்தைத் தாண்டினால் துறைமுகக் காவல்படை கப்பல்களைக் கிளம்ப விடாது. எங்கள் சாண்டோரினிக் கப்பல் ரத்து. டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறையில்லை. சாண்டோரினியில் முன்பதிவு செய்த விடுதிதான் ஒரு இரவுப் பணத்தை அப்படியே விழுங்கிவிட்டது. காற்றடித்தால் என்ன செய்வீர்கள் என்று முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாக்சோஸில் எங்கள் வீட்டுக்கார அம்மா, "இந்தக் காற்றில் எங்கே போவீர்கள்?" என்று சொல்லி அந்த இரவுக்குப் பாதி வாடகைதான் வாங்கினார். இந்தியா திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளாவது ஏதென்ஸுக்கு வந்துவிட வேண்டும் என்பதும் இந்தக் காற்றால்தான்.

சாண்டோரினி அழகில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கி.மு. 1600 வாக்கில் எரிமலை வெடித்துச் சரிந்த பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது. விளிம்பில் வெள்ளை வீடுகள். ஆனால் இயா ஊரில் சூரிய அஸ்தமனம் பார்ப்பது வீண். தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் பாதி நேரம் முன்னால் நிற்பவரின் செல்போன்தான் தெரிகிறது. அதற்குப் பதில் விடிகாலையில் தீவின் முக்கிய ஊரான ஃபிராவிலிருந்து இயாவுக்கு விளிம்போரமாக நடங்கள். பத்து கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரம், ஒரு யூரோ செலவில்லை. இந்தப் பயணத்திலேயே சிறந்த காலை அதுதான். பள்ளத்தைப் பார்த்த அறைக்குக் கேட்கிற வாடகையில் உள்பக்கக் கிராமங்களில் பல இரவு தங்கலாம். எங்கே தங்கினாலும், இணையத்தில் காட்டும் விலைக்கு மேல் அரசாங்க வரி ஒன்றை விடுதியில் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

திரும்பும் கப்பல் பிரேயஸ் சேர நள்ளிரவு ஆகிவிட்டது. இறங்கியதும் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஏதென்ஸ் நடுவிலுள்ள சின்டாக்மா சதுக்கத்துக்கு ஒருவர் 60 யூரோ கேட்டார். மீட்டர் போட்டால் அதில் பாதிகூட வராது. மீட்டர் போடுங்கள் என்றதும் பெட்டியைக் கீழே இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களிடம் அடிக்கிற கொள்ளை இது, கொடுக்காதீர்கள். துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் சின்டாக்மாவுக்கு 040 பஸ் இரவு முழுக்க ஓடுகிறது. டிக்கெட் 1.20 யூரோ. மிச்சமான பணம் மறுநாள் ஏதென்ஸில் பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கு ஆனது. 2025 ஏப்ரலிலிருந்து அங்கே ஆளுக்கு 30 யூரோ, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்கான டிக்கெட்டையே எடுங்கள்.

அக்கா அடுத்த தடத்தையும் முடிவு செய்துவிட்டாள்: செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ். சிஃப்னோஸில் சனிக்கிழமை இரவே கொண்டைக்கடலைச் சட்டியை விறகு அடுப்பில் ஏற்றி, ஞாயிறு மதியம்தான் திறப்பார்களாம். மே மாதக் கப்பல் விலையை இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.