கரும்புச் சாலும் பேராசிரியர் பார்கின்சனும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகள் நில அளவையாளனாக வேலை பார்த்தேன். அதே மண்ணில் என் தாத்தா கயிறு பிடித்துச் சால் போட்டவர். இன்று அங்கே டிராக்டர் தானாகவே கோடு பிசகாமல் போவதைக் காணும்போதெல்லாம் பேராசிரியர் பிராட்ஃபோர்ட் பார்கின்சனை நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க விமானப் படையில் கர்னலாக இருந்த அவர், 1973 செப்டம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையில், ஆளரவமற்ற பென்டகன் கட்டடத்தில் சிலரோடு அமர்ந்து வகுத்த திட்டம்தான் ஜி.பி.எஸ். முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. ஒரே குழியில் ஐந்து குண்டுகள் விழவேண்டும் என்பது அன்று அவர்கள் வைத்த இலக்கு. ஆனால் 1984இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் அவர் மாணவர்களோடு செய்த பணியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

செயற்கைக்கோள் அனுப்பும் குறியீட்டை மட்டும் நம்பினால் சில மீட்டர் பிழை வரும். அக்குறியீட்டைச் சுமந்துவரும் 19 செ.மீ. நீள ரேடியோ அலையையே அளவுகோலாக்கி, இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு பேஸ் ஸ்டேஷனின் (தரையில் நிலையாக நிற்கும் ரிசீவரின்) அளவோடு ஒப்பிட்டால், பிழை ஓரிரு சென்டிமீட்டராகச் சுருங்கும். செயற்கைக்கோளுக்கும் நம் கருவிக்கும் இடையில் எத்தனை முழு அலைகள் உள்ளன என்று கண்டறிவதுதான் கடினம். என் ஆரம்ப நாட்களில் அந்த எண் கிடைக்க கருவியைத் தாங்கும் முக்காலியருகே நெடுநேரம் காத்திருப்போம். கிடைத்தபின் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடிக்குள் நுழைந்தால் தொடர்பு அறுந்து, எல்லாவற்றையும் மறுபடி தொடங்கவேண்டும். அதனால், ஸ்டான்ஃபோர்ட் குழு 1994இல் இம்முறையைக் கொண்டு ஒரு போயிங் 737 விமானத்தை 110 முறை தானியங்கியாகத் தரையிறக்கிக் காட்டியது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து அவர்கள் டிராக்டரை எடுத்துக்கொண்டார்கள். கூரைமேல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களைப் பொருத்தி, வண்டியின் சாய்வையும் அளந்தார்கள். சமவெளியில் இது அவ்வளவு அவசியமாகத் தோன்றாது. டர்பனைச் சுற்றியுள்ள எங்கள் நேட்டால் மேடுகளிலோ, 10 பாகைச் சரிவில் 3 மீட்டர் உயரக் கூரை அரை மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும்; அதைக் கழிக்காவிட்டால் சால் அடுத்த வரிசைக் கரும்பின்மேல் ஏறிவிடும்.

சரிவில் கயிறும் கீழ்ப்பக்கமாகத் தொய்ந்துவிடுமாம். அதற்காகவே தாத்தா பத்தடிக்கு ஒரு முளை அடித்துக் கயிற்றைக் கட்டுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.