ஒரே சட்ஜம், மூன்று காந்தாரம்

அடிப்படைச் சுரமான சட்ஜத்தை (ச) 240 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டு, அதன் மேல் அந்தர காந்தாரத்தை (க) மூன்று முறைகளில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 240 என்றால் கணக்கு சுலபம். 5/4 என்ற சுத்த விகிதத்தில் காந்தாரம் 300. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமவிகிதப் படிகளாகப் பிரிக்கும், கீபோர்டில் உள்ள ஈக்வல் டெம்பர்மென்ட்டில் 302.38. பஞ்சமங்களை அடுக்கி வரும் பித்தகோரஸ் முறையில் 303.75.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரண்டு டிராக் போட்டு, ஒன்றில் ச, மற்றதில் க. சைன் அலையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் கேட்கின்றன. அதில் மேற்சுரங்களே, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளே, கிடையாது. எல்லா மடங்குகளும் உள்ள ரம்பப்பல் (sawtooth) அலைக்கு மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது. ச-வின் ஐந்தாம் மடங்கு 1200. க 300-ஆக இருந்தால் அதன் நான்காம் மடங்கும் 1200. இரண்டும் அப்படியே ஒட்டிக்கொள்கின்றன, அசைவே இல்லை. 302.38 வைத்தால் நான்காம் மடங்கு 1209.5-க்குப் போய்விடுகிறது. பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்கள் மோதி ஒலி ஏறி இறங்குவதுதான் விம்மல்; இங்கே வினாடிக்கு ஒன்பதரை விம்மல், ஒரே படபடப்பு. 303.75-ல் பதினைந்து; அதை என்னால் எண்ணவே முடியவில்லை, கரகரப்பாகத்தான் காதில் விழுகிறது.

அதே சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்க விட்டால் இந்தக் கரகரப்பு சுத்தமாகக் காணோம். சேர்ந்து ஒலிக்கும்போதுதான் வித்தியாசம் பேசுகிறது.

பஞ்சமத்தில் பெரிய சண்டை இல்லை. 3/2 விகிதத்தில் சுத்தமாக 360, கீபோர்டில் 359.59. வினாடிக்கு ஒரு விம்மல்கூட வராது.

எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் பித்தகோரஸ் காந்தாரம்தான். 240, 360, 540; அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கப் பாதியாக்கி 270, அப்புறம் 405, 607.5, மறுபடி பாதியாக்கினால் 303.75. ஒவ்வொரு பஞ்சமமும் பழுதில்லாத 3/2. ஆனாலும் வந்து சேரும் காந்தாரம் மூன்றிலும் கரடுமுரடானது. 300-க்கும் அதற்கும் இடையே உள்ள 81/80, அதாவது 21.5 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்), எங்கேயாவது இருந்தே தீரும். நான்கு பஞ்சமங்களும் சுத்தம், காந்தாரமும் சுத்தம் என்பது நடக்காது.

அந்த 81/80-ஐ நான்கு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பதுதான் குவார்ட்டர் காமா மீன்டோன் என்ற சுருதி முறை. அதையும் வைத்துப் பார்த்தேன். காந்தாரம் 300-லேயே நிற்கிறது, பஞ்சமம் 358.88-க்கு இறங்குகிறது. வினாடிக்கு இரண்டு விம்மலுக்குக் கொஞ்சம் மேல். மெதுவான அலைதான், காதை உறுத்தவில்லை. இந்தப் பேரம் எனக்குச் சம்மதம்.

அடுத்து 7/4 என்ற விகிதம். சுத்தமாக 420, கீபோர்டில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் நிஷாதம் 427.63. கணக்குப்படி விம்மல் முப்பதைத் தாண்டும். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.